இரண்டு சீட்டா, நாலு சீட்டா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதன் சாம்பிள் ரூமில் விஜயகுமாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் வாங்கித் தந்தது கையும் இல்லை, வாயும் இல்லை, கால். வெளிநாட்டுக்குப் போகிற லேடீஸ் ஷூவை முதலில் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்கள். விஜயகுமாரியின் கால் அந்த நம்பருக்கென்றே வளர்ந்தது போல இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்த பெண்ணைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு சூப்பர்வைசர் அவள் காலைப் பார்த்துவிட்டு சாம்பிள் ரூமுக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து புது ஷூவைப் போட்டு நடந்து பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வது அவள் வேலை.

சாம்பிளை ஜோடியாகச் செய்ய மாட்டார்கள். ஒற்றை ஷூதான் வரும். இடது காலில் இத்தாலிக்குப் போகிற ஹீல்ஸ், வலது காலில் தன் ரப்பர் செருப்பு என்று விந்தி விந்தி நடந்து காட்டுவாள். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் முகத்துக்காகப் பேச மாட்டாள். "சுண்டு விரல்ல இடிக்குது சார், இது ஆவாது" என்றால் ஆகாதுதான். மறுபேச்சில்லாமல் டிசைன் திரும்பிப் போகும். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள், அந்த ரூமுக்கே அவள்தான் இன்சார்ஜ். ஆனாலும் முப்பத்தேழு வந்தால் இன்றைக்கும் அவள் காலைத்தான் தேடுகிறார்கள்.

இது கம்பெனிக் கதை. வீட்டில் அவளிடம் எங்கே இடிக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தம்பி சுந்தரமூர்த்தியின் படிப்பு, பிறகு சத்துவாச்சாரியில் மனை, பிறகு வீடு, பிறகு அவன் கல்யாணம். எல்லாவற்றுக்கும் அவள் பதில் "பரவால்ல". நடுவில் அவளுக்கு வந்த வரன்களையும் அந்தப் பரவாயில்லையில்தான் தள்ளிப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் வரன்களே வருவதை நிறுத்திக்கொண்டன. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கீழ்ப்பகுதியில் தம்பி, அவன் மனைவி நந்தினி, அவர்களுடைய பெண்கள் சௌந்தர்யா, நிஷா. மாடியில் இவள். கீழே சிரிப்பது மாடிக்குக் கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று மட்டும் தெரியாது. சாயங்காலம் யாராவது ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டு வருவார்கள், கொடுத்த கையோடு இறங்கிப் போய்விடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்திருக்கலாம். அதற்கும் அவளுக்குக் கொடுப்பினை இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கம்பெனி வேன் ஜன்னலிலிருந்து வந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வேன் நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. தரையோடு தரையாக இருந்தது. மேற்கூரை திறந்திருந்தது. இரண்டே சீட். ஓட்டுகிற இடத்தில் இவள் வயதில் ஒரு பெண், நரைத்த முடி, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஆள் இல்லை. அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் யாரோ விட்டுவிட்டுப் போனதால் தனியாக இருப்பவள் போல இல்லை. அது எப்படி என்று விஜயகுமாரிக்கு விளங்கவில்லை. வேன் நகர்ந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள், லைசென்ஸ் வாங்கினாள். சாம்பிள் ரூம் பெண்கள், "இன்னாக்கா, எந்த மாமாவ ஏத்திக்கினு போகப் போற?" என்று கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். முன்பு இதே கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷனில் இருந்த நவீத் இப்போது ஆற்காட்டில் பழைய கார் வியாபாரம் செய்கிறான். அவனிடம் சொல்லி வைத்தாள். சிவப்பு நிறம், ரெண்டு சீட், திறக்கிற கூரை, கியர் வண்டி. நாலும் இருக்க வேண்டும்.

"நாலும் சேந்தாப்பல கிடைக்கிறது கஷ்டம்க்கா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றான் நவீத்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவன் ஒரு நாள் போன் செய்தான். அவனிடம் இரண்டு வண்டிகள் வந்திருந்தன. ஒன்று ரெண்டு சீட்தான், கூரையும் திறக்கும், கியரும் உண்டு. ஆனால் சிவப்பு இல்லை, சாம்பல் நிறம். கூரை மோட்டாரும் வேலை செய்யவில்லை. இன்னொன்று பளபளவென்று சிவப்பு. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார்தான், ஓட்டமும் அப்படித்தான். ஆனால் கூரை திறக்காது, பின்னால் ரெண்டு சீட் சேர்த்து மொத்தம் நாலு சீட். இந்தச் செய்தி எப்படியோ கீழ் வீட்டுக்கு எட்டியது. அன்று சாயங்காலமே சுந்தரமூர்த்தி படியேறி வந்துவிட்டான்.

"ரெண்டு சீட்டு வண்டில யாருக்கா உக்காருவாங்க? வாங்குறதே வாங்குற, நாலு சீட்டா வாங்கு. குடும்பத்தோட போலாம்" என்றான்.

நந்தினியும் பின்னாலேயே வந்தாள். "ஆமா அண்ணி, ஞாயித்துக்கெழம எல்லாரும் ஏலகிரி போலாம். திருவண்ணாமல போலாம். நாம எல்லாரும் சேந்து எங்கயுமே போனதில்ல."

நாம எல்லாரும் என்ற வார்த்தை விஜயகுமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் மாடியில் திருவிழாதான். சௌந்தர்யா அத்தையின் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் கார் படங்களைக் காட்டினாள். நிஷா வண்டிக்குப் பேர் வைத்தாள். நந்தினி காபியோடு வந்து, டம்ளர் காலியான பிறகும் உட்கார்ந்திருந்தாள். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விஜயகுமாரி படுக்கப் போகுமுன் கண்ணை மூடி அந்தச் சிவப்பு வண்டியை ஏலகிரி மலை வளைவில் ஏற்றிப் பார்ப்பாள். ஒரு ஜன்னலில் நந்தினியின் முகம், இன்னொன்றில் நிஷா, அந்தப் பக்கம் சௌந்தர்யா, தம்பியின் சிரிப்பு. கூரை திறக்காவிட்டால்தான் என்ன என்று நினைத்தாள். டோல்கேட்டில் பார்த்த பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தும் போனாள். நாலு சீட் வண்டியே போதும் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் பஸ் பிடித்து ஆற்காடு போனார்கள். நந்தினி வழியில் மக்கன் பேடா வாங்கினாள். நவீத்தின் இடம் சாலையோரம், தகரக் கொட்டகை, வாசலில் அந்த இரண்டு வண்டிகளும் நின்றன. சாம்பல் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் சிவப்பு வண்டியைக் கண்டதும் ஓடினார்கள். சுந்தரமூர்த்தி சாவியை வாங்கி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். நந்தினி முன்னால் ஏறினாள், பெண்கள் பின்னால் நுழைந்துகொண்டார்கள்.

"அண்ணி, இத கொஞ்சம் புடிங்க" என்று நந்தினி பேடா பார்சலையும் தன் கைப்பையையும் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அக்கா, ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றோம்" என்றான் தம்பி.

வண்டி கிளம்பிப் போயிற்று. விஜயகுமாரி ஒரு கையில் பேடா, ஒரு கையில் நந்தினியின் பை, தோளில் தன் பை என்று வெயிலில் நின்றாள். நவீத் ஸ்டூல் எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு சீட், நாலு பேர். ராத்திரி ராத்திரி மலைக்கு ஏற்றிய வண்டியிலும் இதே நாலு பேர்தான் இருந்தார்கள். அவர்கள் அவளைக் கணக்கில் விட்டுவிட்டது இருக்கட்டும், அவளே தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓரமாக நின்று வண்டி போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் வந்த பழக்கம் அது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ரவுண்டு என்று போனவர்கள் நன்றாகச் சுற்றிவிட்டுத்தான் வந்தார்கள். இறங்கும்போது எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"சூப்பர்க்கா! பேசி முடிச்சிரலாம்" என்றான் சுந்தரமூர்த்தி.

"நான் எங்கடா உக்காருவேன்?"

அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. "பின்னாடி நெருக்கி உக்காந்துக்கலாம்க்கா" என்றான் தம்பி. நவீத் பின் கதவில்லாத அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பின்னால் நடுவில் உட்கார இடமே இல்லை, மேடுதான் என்றான். "மாத்தி மாத்திப் போனா போச்சு" என்றாள் நந்தினி.

"வண்டி ஓட்டப் போறது நான்தானே?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? அவர் ஓட்டுவாரு."

நிஷா சின்னப் பெண். மனதில் உள்ளதை அப்படியே சொன்னாள். "அத்தைக்குத்தான் மலை ஏறுனா தல சுத்துமே. அத்த வீட்ல இருக்கட்டும்."

நந்தினி அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். விஜயகுமாரி பார்சலையும் பையையும் நந்தினியிடம் திருப்பிக் கொடுத்தாள். கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள்.

"நவீத், அந்தச் சாம்பல் வண்டி சாவிய எடு."

வண்டியில் உட்கார்ந்ததும் அவள் குனிந்து இடது கால் செருப்பை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தாள். பக்கத்தில் ஏறிய நவீத் சிரித்துவிட்டான். "அக்கா, இது கிளட்ச்சு. சாம்பிள் இல்ல." அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெறுங்காலால் கிளட்சை மிதித்து வண்டியை ரோட்டில் விட்டாள். சீட் அவள் முதுகுக்குப் பாந்தமாகப் பொருந்தியது. கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினாள். வழியெல்லாம் நவீத் வண்டியின் குறைகளைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். தோஸ்த் மாதிரி பழகியவர்களிடம் அவன் மறைத்துப் பேச மாட்டான்.

"மோட்டார் மாத்தணும்னா பாம்பேலேர்ந்து வரணும்க்கா, ரொம்ப பேஜாரு. அதுவரைக்கும் கையால தொறக்கலாம். ஆனா ரெண்டு பேர் வேணும். அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். தனியா முடியாது. நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். மழை வந்தால் மூடவும் இன்னொருவர் வேண்டும். சிவப்பும் இல்லை. நாலில் இரண்டு போய்விட்டது. அவளுக்கு வேண்டிய வண்டி இது இல்லைதான். ஆனால் நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம், கூரையில் விட்டுக்கொடுக்கலாம், அவள் உட்காரும் இடத்தை இனிமேல் விட்டுக்கொடுக்க முடியாது. மாடி திரும்பவும் அமைதியாகிவிடும், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. காபி வராது.

"இதயே எடுத்துக்கறேன்" என்றாள்.

சுந்தரமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நாங்க எதுல வர்றது?"

"வந்த பஸ்லயே வாங்க. இதுல ஒருத்தர் வரலாம். சௌந்தர்யா, வர்றியாடி?"

சௌந்தர்யா அம்மாவைப் பார்த்தாள். நந்தினி பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தாள். "இல்ல அத்த, நான் அம்மாகூட வர்றேன்."

எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்து முடித்ததும் விஜயகுமாரி கூரையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "மூர்த்தி, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றாள். சுந்தரமூர்த்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப்புறம் திரும்பிக்கொண்டான். போன் அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை. நவீத்தான் ஓடி வந்து தூக்கினான். கூரை மடங்கிப் பின்னால் படுத்தது. தலைக்கு மேல் வானம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

"மழ வந்தா இன்னாக்கா பண்ணுவ?"

"நனைவேன்."

ராணிப்பேட்டை தாண்டி ஹைவேயில் ஏறினாள். காற்று முகத்தில் அடித்தது. லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அப்போது வண்டியில் ணங் ணங் என்று ஏதோ அடிக்க ஆரம்பித்தது. பயந்து ஓரம் கட்டிப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்திருந்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், குடை என்று நல்ல கனம். வண்டி அதை ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தது.

பையை எடுத்துக் கீழே வைத்தால் சத்தம் நின்றுவிடும். வைக்கத்தான் கையை நீட்டினாள். பிறகு என்ன தோன்றியதோ, எட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, பையின் மேலாகப் போட்டு மாட்டினாள். சத்தம் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.