படியேறிப் பார்த்தது

அப்பா முப்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலி வந்து இறந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் முப்பத்தெட்டு ஆனது. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிக்குக் கணவரோடு வேலைக்குப் போகிற பேருந்தில், ஒருநாள் நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. உள்ளங்கை வியர்த்தது. இன்றைக்குத்தான் என்று தோன்றியது.

"இங்கன எறங்கிருவோம்" என்று கணவரின் கையைப் பிடித்தேன்.

"ஏளா, என்ன செய்யுது?"

வயல் நடுவே இறங்கி நின்றோம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து என் நெஞ்சை நானே காவல் காக்க ஆரம்பித்தேன். இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மெஷினுக்குத் தப்பி ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். காபியை விட்டேன். மாடி ஏறுவதை விட்டேன். துணையில்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கணவர் கூட்டிப்போனார். என்னைவிட இளையவர் அந்த அம்மாள். ஒரு நோட்டை நீட்டினார்.

"நெஞ்சு படபடக்குன்னு சொல்லுதீங்க. அது நடந்தது. சாகப் போறேங்கிறது நீங்க நெனைச்சது. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. அப்படி நெனைச்சதும் என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க."

எழுதினேன். ஒரு மாதத்தில் பக்கம் பக்கமாய் ஒரே நினைப்பு. ஒவ்வொன்றின் எதிரிலும் "இறங்கிவிட்டேன்", "போகவில்லை", "உட்கார்ந்துவிட்டேன்."

"எறங்கினதாலதான் பொழைச்சோம்னு நெனைக்கீங்க. எறங்காம இருந்து பார்த்ததே இல்லையே," என்றார். பிறகு எழுந்தார். "வாங்க, மாடிப்படியில ஓடுவோம்."

அந்தப் படிகளை நிமிர்ந்து பார்த்தேன். கீழே நின்ற கணவரின் முகம் வெளுத்திருந்தது. மூன்று முறை ஏறி இறங்கினேன். பேருந்தில் அடித்த அதே அடி. கண் இருட்டியது. உட்காரப் போனேன்.

"உக்காராதீங்க. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

சுவரில் கை வைக்காமல் நின்றேன். செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பியபடியே நின்றேன். அடி மெல்லக் குறைந்தது. நான் எதுவும் செய்யாமலே குறைந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தேன். முதலில் காபி. பிறகு இரண்டு நிறுத்தம் தனியாக. சில மாதங்களில் அலுவலகம் வரை தனியாக.

ஒருநாள் மருத்துவர், "இனி இங்க வர வேண்டாம்" என்றார்.

"பயம் இன்னும் போகலையே, டாக்டர்."

"பயமே வராம பண்ணுதேன்னு நான் சொல்லலையே. வந்தா என்ன செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியும். அதுதான் வேணும்."

அவருடைய அறையைவிட்டு நான் வெளியே வந்தபோது, அத்தனை மாதங்களில் இல்லாத அளவுக்குக் கலக்கமாக இருந்தது. வெயில் சாய்ந்து, கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊருக்குப் போகிற பேருந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நெஞ்சு மறுபடி தடதடத்தது.

"சேரமாதேவி ஒண்ணு" என்று நடத்துனரிடம் சொன்னேன். பேருந்து புறப்பட்டது.