அது ஃபோடா இல்லை

எங்கள் தீவில் கராச்சர்மா போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "சிஸ்டர், நம்ம கமலவேணி மேடம் மதுரையில காலமாயிட்டாங்களாம்" என்றான் ஸ்கேன் அறை அட்டெண்டர். "போன வை! வாய்க்கு வந்ததைப் பேசாத" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்! நாற்பத்தொன்பது சாகிற வயதா? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மேடத்தைக் கைராசிக்கார டாக்டர் என்று புகழ்ந்தார். அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள், மேடம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா? "ராசியா? கண்ணால பாத்துல்ல செஞ்சேன்!" என்று மல்லுக்கு நின்றிருப்பார். பழனியாண்டி அண்ணன் பிழைத்தது ராசியால் அல்ல. பக்கத்தில் நின்றவள் நான், அதனால் எழுதுகிறேன்.

சுனாமி வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். பழனியாண்டி அண்ணன் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, இங்கே இன்னொரு தீவில் ரப்பர் பால் எடுத்தவர். சுனாமியால் அந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டியதாகி, மகளோடு கராச்சர்மாவில் இருந்தார். நெஞ்சு வலிக்குச் சென்னை போய், தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பியிருந்தார். குழாய் நுழைந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

"கட்டிங்க" என்றார். அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற யாரோ அதை இந்தியில் 'ஃபோடா' என்று சொல்லிவிட்டார்கள். தமிழில் எந்த வீக்கமும் கட்டிதான். ஃபோடா என்றால் சீழ்க்கட்டி. கீறிவிடச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. அண்ணனுக்கு வேறு கோபம். "வலின்னு வந்தா, அந்தப் பொடியன் என்னைய போடாங்கிறானே தங்கச்சி! அறுவது வயசு எனக்கு!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே ட்ரேயில் கத்தியையும் எடுத்து வைத்தேன்.

வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த மேடம், போகிற போக்கில் வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறிவிட்டது. "துடிக்குதே! என்ன சிஸ்டர் இது?" இளம் டாக்டர், "ஃபோடா ஹை, மேடம்" என்றார். "ஃபோடாவா? போடா!" இளம் டாக்டருக்கு அது எந்த மொழியில் புரிந்ததோ, கையில் எடுத்திருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

உடனே ஸ்கேனில் பார்த்தோம். ரத்தக்குழாயில் ஓட்டை. அதன் வழியாக வெளியே வந்த ரத்தம் சிவப்பும் நீலமுமாக வீக்கத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது. கீறியிருந்தால் அண்ணன் அந்த மேஜையிலேயே போயிருப்பார்.

மேலிடத்திலிருந்து, "மெயின்லேண்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்கள். மழையில் விமானம் ரத்து. கப்பலில் போனால் மூன்று நாள். மேடம் போனிலேயே பொரிந்து தள்ளினார். "நடுக்கடல்ல வெடிச்சா கேப்டனா வந்து அமுக்குவாரு? இங்க மெஷின் இருக்கு, எனக்குக் கை இருக்கு. நான் அமுக்குறேன்."

ஸ்கேன் கருவியையே ஓட்டையின் வாய்க்கு நேராக வைத்து, திரையைப் பார்த்தபடி அழுத்தினார். கசிவு நிற்க வேண்டும்; காலுக்குப் போகிற ரத்தம் நிற்கக் கூடாது. அண்ணனின் பாதத்தில் இரண்டு விரல் வைத்துத் துடிப்பைப் பார்ப்பது என் வேலை.

"துடிப்பு?"

"இருக்கு மேடம்."

கால் மணி நேரம் கழித்துக் கையை எடுத்தால், மறுபடி அதே சுழல். மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை, ஊசி போட்டும் தாங்காமல் அண்ணன் கதறினார். "விட்டுருங்கம்மா, செத்துப் போறேன்!" "அதுக்குத்தாண்ணே விடமாட்டேங்கிறேன். என்னைய நல்லாத் திட்டுங்க." அண்ணனும் குறை வைக்கவில்லை. தோட்டத்து வசவு அத்தனையும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான்காம் முறை மேடம் மெல்லக் கையை எடுத்தார். வீக்கத்துக்குள் சுழல் இல்லை, வெறும் கறுப்பு. அதை ஒட்டி ரத்தக்குழாய் மட்டும் சிவப்பாக ஓடியது.

"துடிப்பு?"

"இருக்கு மேடம்!" என்று அலறினேன்.

மறுநாள் காலை ஸ்கேனிலும் ஓட்டை அடைபட்டேதான் இருந்தது. மேடத்துக்கு மணிக்கட்டு வீங்கி டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை. "இது ஃபோடாவா மேடம்?" என்றேன். "உனக்கும் அதே பதில்தான்டி" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உள்ளங்கையைத்தான். இன்றும் கட்டி என்று யார் வந்தாலும் முதலில் கை வைத்துப் பார்க்கிறேன். துடித்தால் ஸ்கேன் எடுக்காமல் என் ட்ரேயில் கத்தி ஏறாது. எவ்வளவு பெரிய டாக்டர் வந்து சத்தம் போட்டாலும் சரி, மேடம் விட்டுப் போன ஒரு வார்த்தை என்னிடம் தயாராக இருக்கிறது. அவர் அதை எந்த மொழியில் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளட்டும்.