பின்மண்டையில் ஒரு காவல்

என் தம்பி சந்துரு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். எங்கள் பாலசமுத்திரத்துக் குடும்பத்தில் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஐ.டி.ஐ.யில் அவன் வருகை தொண்ணூற்றெட்டு சதவீதம். மீதி இரண்டும் அம்மை போட்டிருந்த நாட்கள். சான்றிதழ்களை எல்லாம் நான்தான் உறை போட்டு வைத்திருக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். புத்தூரில் தையல் கடை நடத்துகிறேன். எதையும் அளந்து பார்த்துத்தான் சொல்வேன்.

வைகாசியில் அவனுக்குத் தடாவில் பெண் பார்த்தோம். பெண் கௌசிகா, அவனுடைய கம்பெனியிலேயே சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அவள் அப்பா வரதராஜன் லாரி எடை மேடையில் இருப்பவர். சம்பளம், நிலம் எதையும் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"பையன் ஒடம்புல எங்கனா பச்சை குத்திக்கினு இருக்கானாம்மா? நானும் நாலு வரன் பார்த்துட்டேன். எல்லாவன் கையிலயும் எவளோ ஒருத்தி பேரு. அந்த மாதிரி பசங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்."

"நான் தூக்கி வளர்த்த பையன்ங்க. மூணு மச்சம், முழங்கால்ல ஒரு தழும்பு. அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தால் மாப்பிள்ளையோடு சேர்ந்து திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். கார்த்திகையில் போகலாம், மாசியில் கல்யாணம் என்றார். கேசரி தின்றுகொண்டிருந்த சந்துருவுக்குப் புரையேறியது.

பேருந்து நிறுத்தத்தில் அவன் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றான். "அக்கா, பின்னாடி முடிய வெலக்கிப் பாரு."

விலக்கினேன். ஒரு சிவப்பு நாக்கு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விலக்கினேன். மேலே பற்கள், அதற்கு மேலே முறுக்கு மீசை, அதற்கும் மேலே இரண்டு பச்சைக் கண்கள் என்னை முறைத்தன.

"இன்னாடா இது?"

"திருஷ்டி பொம்மை."

மூன்று வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு முறை பைக்கிலிருந்து விழுந்தான். கையில் புத்தூர்க் கட்டோடு திருமலைக்குப் போய் மொட்டை போட்டது எனக்கும் தெரியும். முடி வளரும் வரை அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. இறங்கி வரும் வழியில் திருப்பதியில் பச்சை குத்தும் கடைக்குள் நுழைந்தது மட்டும் தெரியாது.

"ரெண்டு வாட்டியும் பின்னாடி வந்துதான் இடிச்சானுங்கக்கா. அதான் பின்னாடி ஒரு காவல் இருக்கட்டும்னு. முடி வளர்ந்தா எவனுக்குத் தெரியப்போவுது?"

"அப்புறம் விழுந்தியா?"

"இல்லியே."

காவல் பலித்திருந்தது. ஆனால் நான் கொடுத்த வாக்கு அங்கே தடாவில் இருந்தது. கார்த்திகைக்கு ஆறு மாதம். அதற்குள் அந்த முகம் போகவில்லை என்றால் பெண்ணும் போய்விடும், என் பேச்சுக்கும் மதிப்புப் போய்விடும்.

திருப்பதியில் தோல் டாக்டர் சுமித்ராவிடம் அழைத்துப் போனேன். கையோடு கொண்டுபோன டேப்பால் அளந்து, உயரம் மூன்றேகால் அங்குலம், அகலம் இரண்டரை என்று சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல பின்மண்டையால என்னை முறைக்கிற முதல் பேஷண்ட் இவருதாம்மா" என்றார். "லேசர்ல கருப்பு சீக்கிரம் போயிடும். பச்சைதான் பிடிவாதம் பிடிக்கும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் வைக்க முடியும்."

கணக்குப் போட்டால் நான்கு முறைதான் வந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தை மழிக்க வேண்டும். எங்களுக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிப்பது போலப் பட்பட்டென்று சத்தம், முடி பொசுங்கும் வாசனை. சந்துரு என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல்கள் உடைந்தன.

முதல் முறைக்குப் பின் ஆறு வாரத்தில் மீசை அரும்பளவுக்கு மெலிந்து, அரக்கன் காலேஜில் சேரப்போகிற பையன் போல ஆனான். இரண்டாவதில் பல் கொட்டிவிட்டது. மூன்றாவதில் நாக்கு மங்கியது. எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுத்தேன்.

கம்பெனியில் தலைக்கவசம் காப்பாற்றியது. மற்ற நேரத்தில் தொப்பி. ஒருநாள் கௌசிகா கேட்டிருக்கிறாள்: "எப்பப் பார்த்தாலும் இன்னா தொப்பி?"

"வெயிலு."

"கேன்டீன்லயா?"

நான்காவது முறையும் முடிந்தது. புருவம்கூடப் போய்விட்டது. கண்கள் மட்டும் போகவில்லை. பாக்கு அளவில் இரண்டு பச்சைக் கண்கள், பெட்டியைப் பறிகொடுத்தவன் போல விழித்துக்கொண்டிருந்தன. அடுத்த முறைக்கு நாள் இல்லை.

நான் ஒரு வழி யோசித்தேன். மொட்டை போட்டதும் தலையில் சந்தனம் பூசுவது வழக்கம்தானே. கால் கிலோ சந்தனத்தை முதல் நாளே குழைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். மழித்து முடித்த நொடியில் அப்பிவிட வேண்டியதுதான்.

கார்த்திகையில் கௌசிகாவோடு நாலு பேருமாகத் திருமலைக்குப் போனோம். மொட்டை போடும் கூடத்தில் சந்துருவைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தேன். வரதராஜன் சரியாக அவன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். கத்தி பின்பக்கம் வந்ததும் மழிப்பவர் நின்றுவிட்டார்.

"ஏமி பாபு, வெனக்க கூட கள்ளு உன்னாயி?" என்று தெலுங்கில் கேட்டார். பின்னாலும் கண் இருக்கிறதே என்று நான்கு வரிசைக்குக் கேட்கும்படி.

நான் டப்பாவைத் திறந்துகொண்டு ஓடினேன். வரதராஜன் கையை நீட்டித் தடுத்தார். தன் பாதி மழித்த தலையோடு குனிந்து உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா இது? மூணு மச்சம்னு சொன்னியே."

நான் டப்பாவை மூடினேன். சந்துருதான் திரும்பாமலே சொன்னான். "அக்காவுக்குத் தெரியாது மாமா. திருஷ்டி பொம்மை. நாக்கு, பல்லு எல்லாம் இருந்துச்சு. நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு லேசர் வச்சு அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா?" அவர் குரல் உயர்ந்தது. "எவளோ பேரு இருந்தா வேணாம்னேன். காவலுக்கு வச்சத எவனாவது அழிப்பானா? மீசை இருந்துச்சா?"

"முறுக்கு மீசை மாமா."

"போச்சே. பல்லு இல்லாத காவல் இன்னாத்துக்கு ஆவும்? மறுபடி குத்திக்கோ, அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

தூணோரம் நின்றிருந்த கௌசிகா முன்னால் வந்தாள். தொப்பிக்குக் காரணம் அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவனைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, பல்லும் வேணாம், மீசையும் வேணாம். குடும்பம் நடத்தப்போறது நானு. எனக்கு இந்தப் பக்கத்து மூஞ்சி போதும்."

வரதராஜன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மழிப்பவர் வேலையை முடித்தார். நான் சந்தனத்தைப் பூசினேன், கண்களின் மேல் மட்டும் இரண்டு சுற்று.

இறங்கும் பேருந்தில் வரதராஜன் அவனுக்குப் பின் இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். சந்தனம் காயக் காய உதிர்ந்தது. வழி முழுக்க அந்தக் கண்களும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். திருப்பதியில் இறங்கியதும் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, நீ பச்சை குத்திக்கின கடை இந்த ஊர்லயா? இப்பத் தெறந்திருக்குமா?"

"நைனா, தடா பஸ்ஸு நிக்குது பாரு. ஏறு" என்றாள் கௌசிகா. இருவருக்கும் ஆளுக்கொரு தொப்பி வாங்கி, அவளே காது வரை இழுத்து மாட்டிவிட்டாள்.

கல்யாணம் மாசி பதினேழு, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள்.