கம்பில் கட்டிய துணி

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தில் கம்பை நட்டுக் கிழிசல் துணி கட்டியிருந்தால், அதன் கீழே ஆள் முங்கியிருக்கிறான் என்று பொருள். எங்கள் குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் கடற்படை விமானிக்குத் தெரியவில்லை. நான் அவருடைய சண்டை விமானத்துக்குக் குண்டு நிரப்புகிறவன், அவர் திருவள்ளூர்க்காரர். எழுபத்தொன்றில், போருக்கு முன், விடுமுறையில் எங்கள் ஊருக்கு வந்தவர், படகில் போகும்போது எட்டி ஒரு கம்பைப் பிடித்தார். என் அண்ணன் துடுப்பால் அவர் கையில் ஒரே போடு போட்டான்.

"அத்தத் தொடாத நைனா! கீய ஆளு கீறான். சிக்குன வலைய எட்த்துக்கினு அந்தக் கம்பப் புட்ச்சிதான் மேல வருவான்."

என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் வீங்கிய கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

போர் வந்தது. எங்கள் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விமானிகள் கிளம்பி, கிழக்கு வங்கக் கரையைத் தாக்கிவிட்டு வருவார்கள். ஒரு காலை அவருடைய விமானம் இறக்கை கிழிந்து, தள்ளாடி வந்து, தளத்தில் மோதி நின்றது. நொறுங்கிய கண்ணாடிக்குள்ளிருந்து அவரை வெளியே இழுத்தோம். தொடைச் சதை பிய்ந்து தொங்கியது. ரத்தம் என் சட்டைக்குள் சூடாக இறங்கியது. அந்த நிலையிலும் மனுஷர் வாயை மூடவில்லை.

"கம்பு இருந்துச்சிப்பா. துணி கட்டி. உங்க ஊர்ல கீற மாதிரியே."

ஆற்றுமுகத்தில் எதிரியின் பீரங்கிப் படகு மீன்வலைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்திருக்கிறது. சுடப்போனவர் துணியைப் பார்த்ததும் சுடாமல் மேலே ஏறியிருக்கிறார். கீழிருந்து வந்த குண்டு தொடையைக் கிழித்தது. அப்படியே திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சுற்றி வந்து, கம்புகள் குறுக்கே வராத பக்கமாக, பீரங்கியின் வாய்க்கு நேராகத் தாழப் பறந்து அடித்தார். படகு வெடித்துச் சிதறியது. பிறகு அவருக்குப் பதக்கம் கொடுத்தது அதற்குத்தான்.

வெடித்த படகின் எண்ணெய் நீர்மேல் பற்றிக்கொண்டு வலைப்பக்கம் பரவியதைப் பதக்கம் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. குண்டு தீர்ந்த விமானத்தில், ரத்தம் ஒழுக, இன்னொரு முறை தாழப் போய்ப் பார்த்தாராம். கம்பைப் பிடித்து மேலே வந்த தலைகள் நெருப்புக்குள் வந்தன.

"நான் அவங்களச் சுடலியேப்பா," என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மறு வருஷம் கும்மிடிப்பூண்டி பஸ் பிடித்து, நொண்டியபடி எங்கள் குப்பத்துக்கு வந்தார். மாலை போட்டார்கள். "எத்தினி பேர சாவடிச்ச சார்?" என்று ஒருவன் பல்லைக் காட்டினான், அவன் பல்லை உடைக்கலாம் போலிருந்தது எனக்கு. அவர் நேராக அண்ணனின் படகில் ஏறிக்கொண்டார், நானும் கூடப் போனேன்.

முகத்துவாரத்தில் அண்ணன் கம்பை நட்டு முங்கினான். அவர் அந்தக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணன் மேலே வந்த பிறகும் விடவில்லை.

"வந்துட்டேன் நைனா, வுடு."

"மேல நெருப்பு இல்லியே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தான்.

"தண்ணிதான் நைனா. பாரு, தண்ணிதான்."

அதற்கப்புறம்தான் அவர் கையை எடுத்தார்.