விட்பியில் வெடித்த நீச்சல் தடாகமும் மாலா அக்கா போட்ட பதிலும்

இன்று விட்பி நகரில், ஒரு நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் நின்று...

(சம்பந்தப்பட்ட மூவரின் சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை அன்று. இந்த வரியைச் சேர்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது!)

நண்பர் சிவா அண்ணை காலையில் அழைத்தார்.

"தம்பி, உடன வாரும். ஒருத்தனில கேஸ் போடவேணும்."

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் வீட்டு நீச்சல் தடாகத்தைக் குளிர்காலத்துக்காக மூடிக் கொடுத்தவர் ரஞ்சன். டோர்செட் பார்க்கில் வசிப்பவர். ஒரு வான் வண்டியும் இரு கைகளுமே அவருடைய நிறுவனம்.

இந்த வசந்தத்தில் அவரே வந்து திறந்தபோது, தடாகச் சுவரில் தண்ணீரை உள்ளிழுக்கும் பெட்டி வெடித்திருந்தது. அதனோடு இணைந்த குழாயும் பிளந்திருந்தது.

ஆனால் சிவா அண்ணை செய்த முதல் வேலை என்னை அழைத்ததன்று. ரஞ்சனின் வானைப் படமெடுத்து, முகநூல் தமிழ்க் குழுமமொன்றில், "இந்தக் கள்ளனிட்டக் குடுத்து ஏமாறாதேங்கோ" என்று போட்டதுதான்.

(சட்டம் படித்தவனுக்கு அழைப்பு எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும்!)

அதைப் பார்த்தவர்கள், ரஞ்சனிடம் ஒப்படைத்திருந்த வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். தடாகங்களைத் திறக்கும் இந்தக் காலம்தான் அவருக்கு உழைப்புக் காலம்.

"அவரையும் கூப்பிடுங்கோ அண்ணை. ரெண்டு பக்கமும் கேளாமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன்.

"அப்ப நீர் ஆற்ற பக்கம்?"

"இன்னும் ஒருத்தற்ற பக்கமும் இல்லை."

ரஞ்சன் வந்தார். நேராகப் பின்வளவுக்குப் போய், வெடித்த இடத்தின் அருகே குந்தினார்.

"அண்ணை, நான் தண்ணியை இந்தப் பெட்டியின்ர வாய்க்குக் கீழ இறக்கி, பைப்புக்குள்ள நிண்டதையும் ஊதி எடுத்துத்தான் மூடினனான். திறக்கேக்க தண்ணி மேல நிக்குது. எப்பிடி வந்தது?"

"ஸ்னோ உருகி வந்திருக்கும்!"

"மேல கவர் இழுத்துக் கட்டிக் கிடந்ததே. அதுக்குள்ளால எப்பிடி ஸ்னோ போகும்?"

"அப்ப நீர் இறக்கவேயில்லை. உதுதான் நடந்தது."

"உப்பிடிச் சொல்லாதேங்கோ. உங்கட மகனும் பக்கத்தில நிண்டு பாத்தவர்."

"அவன் கலியாணங் கட்டிக் கல்கரிக்குப் போயிட்டான். நல்ல சாட்சி பிடிச்சீர்!"

நான் குறுக்கிட்டேன். தண்ணீரை இறக்காமல் விட்டிருந்தால் பிழை ரஞ்சனுடையது. இறக்கிய பின் வேறு யாரேனும் ஏற்றியிருந்தால், அவருடையதன்று. கேள்வி இவ்வளவுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, சிவா அண்ணையின் மனைவி மாலா அக்கா தேநீரோடு வந்தார்.

"என்ன தண்ணிக் கதை? பொன்னுருக்குக்கு நான் தானே விட்டனான்."

மூவரும் அவரைப் பார்த்தோம்.

"என்னப்பா, ஏன் எல்லாரும் முழுசுறியள்?"

மகனின் திருமணத்துக்கு முன், தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு அந்தப் பின்வளவில்தான் நடந்தது. தடாகத்தை மூடிச் சில நாட்களே ஆகியிருந்தன. சிவா அண்ணை அன்று விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாராம்.

"வீடியோக்காரர் கவரைக் கழட்டச் சொன்னவர். கழட்டினா, தண்ணி குறையக் கிடக்குது. வாசலில நிறைகுடம் வச்சிட்டு, பின்னால இவ்வளவு பெரிய தண்ணியைக் குறைய விடலாமே? நல்ல காரியமெல்லே? ஹோஸைப் போட்டு விளிம்பு மட்டும் நிரப்பினனான். விளக்கும் மிதக்க விட்டனாங்கள். பிறகு கவரை அப்பிடியே போட்டுக் கட்டினனாங்கள்."

"எனக்கு நீர் சொல்லேல்லையே!" என்றார் சிவா அண்ணை.

"வீடியோவைப் பாத்து, பூல் வடிவாயிருக்கு எண்டு சொன்னது ஆர்?"

அந்தத் தண்ணீர்தான் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் இறங்கி, குளிரில் உறைந்து விரிந்து, இரண்டையும் வெடிக்க வைத்திருக்கிறது.

ரஞ்சன் இப்போது குரலை உயர்த்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, என்ர மனிசியும் நிரப்பித்தான் இருப்பா. ஏன் இறக்கிறதெண்டு நான் உங்களுக்கு விளங்கப்படுத்தேல்லை. 'மூடியாச்சு, இனி மேயில சந்திப்பம்' எண்டிட்டுப் போயிட்டன்."

(எச்சரிக்கும் கடமை குறித்து நான் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்த நீண்ட வாக்கியம் அத்தோடு வேலையிழந்தது!)

சிவா அண்ணை தொலைபேசியை எடுத்தார்.

"பேஸ்புக்கில போட்டதை அழிச்சு விடுறன், தம்பி."

"அழிக்காதேங்கோ அண்ணை. அழிச்சால், பாத்த சனத்துக்கு நான் கள்ளன் கள்ளன்தான். அதுக்குக் கீழயே உண்மையை எழுதுங்கோ."

"பொன்னுருக்குக் கதையை எழுதினா சனம் சிரிக்குமடாப்பா."

"என்னைப் பாத்துச் சிரிச்சிருந்தால் பரவாயில்லை அண்ணை. என்ர வேலையெல்லே போச்சு."



'பூரண தகவல் கிடைக்கப்பெறாத நிலையில் வெளியிடப்பட்ட கருத்து' என்று தொடங்கும் வாசகமொன்றை நான் முன்மொழிந்தேன்.

"உது ஆருக்குத் தம்பி விளங்கும்? இஞ்ச தாங்கோ போனை" என்றார் மாலா அக்கா.

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் ஒரு புள்ளியும் திருத்தவில்லை:

"பொன்னுருக்குக்கு வடிவாயிருக்கட்டும் எண்டு பூலுக்குத் தண்ணி நிரப்பினது நான். அதாலதான் வெடிச்சது. ரஞ்சன் தம்பி ஒழுங்காய்த்தான் மூடினவர். அவரைக் கள்ளன் எண்டு எழுதினது எங்கட பிழை. மாலா, சிவா."

"என்ர பேர் ஏன்?"

"கள்ளன் எண்டு எழுதினது நீங்களெல்லே?"

சிவா அண்ணை தொலைபேசியை வாங்கி, அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்தினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

புதிய பெட்டியையும் குழாயையும் அவர் வாங்கிக் கொடுப்பது, ரஞ்சன் பொருத்திக் கொடுப்பது என்று தேநீர் ஆறுமுன் உடன்பாடாயிற்று. எழுத்தில் வேண்டாமா என்று கேட்டேன். எவரும் காதில் வாங்கவில்லை!

வேலையை நிறுத்தியவர்கள் எல்லோரும் ரஞ்சனிடம் திரும்புவார்களா என்பது எனக்குத் தெரியாது. கள்ளன் என்ற சொல்லைப் படித்த அத்தனை பேரும் மாலா அக்காவின் பதிலையும் படிப்பார்கள் என்று என்னால் உறுதி கூற இயலாது.

ஆனால் நான் காரில் ஏறும்போது ரஞ்சனின் தொலைபேசி ஒலித்தது. அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு பெண்மணி. போன கிழமை வேண்டாமென்றவர், இப்போது வந்து திறந்து தரமுடியுமா என்று கேட்கிறார்.

ரஞ்சனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"ஓம் அக்கா, வாறன். அதுக்கு முதல் ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. பூல் மூடினாப் பிறகு, வீட்டில நல்ல காரியம் ஏதும் நடந்ததோ?"