ஒரு தடவைதான் கேட்கும் கம்ப்யூட்டர்

பொருளாதாரம் படிக்க வந்த எங்களுக்குத் துணைப்பாடமாகக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் பாதிக் கல்லூரிகளில் இதே கதைதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி குளிருக்குத் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்காருவோம்.

என் ஜோடி கோபிசெட்டிபாளையத்துக்காரி. விடுதியில் தங்கியிருந்தாள். ஊரிலேயே டைப்ரைட்டிங் படித்து முடித்தவள் என்பதால் எழுத்தெல்லாம் அவள்தான் அடிப்பாள். அடித்து முடித்தபின் திரை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. அவளிடம் விட்டால் யோசித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம், "வேண்டாங்கம்மா, இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்" என்றாள். பஸ்ஸில் வரும்போதே பசி தாங்காமல் என் கையைக் கிள்ளியவள் அவள். அம்மா மறுபடி கூப்பிட்டதும் உட்கார்ந்து மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் எல்லோருமே இப்படித்தான். முதல் தடவை வேண்டாம் என்போம். கேட்டவர் மறுபடி கேட்பார். இவள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அப்படிப்பட்டவள் எதையாவது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பேப்பரில் பாஸாக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"அந்த வேல எனக்கு வேணும் அம்மணி. இல்லீன்னா ஊருக்குப் போயி அண்ணன் கொழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு உக்காந்திருக்கோணும்" என்றாள்.

செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து, சேமித்து, அச்செடுத்துக் காட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் அவள் எல்லோருக்கும் முன்னால் அடித்து முடித்தாள். வெளியேறும் முன் திரை கேட்டது: கடிதத்தைச் சேமிக்கவா? ஆம் என்றால் Y, வேண்டாம் என்றால் N.

அவள் N-ஐ அழுத்தினாள்.

கடிதம் போயே போய்விட்டது. அவளோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி கேட்கும் என்று காத்திருந்தாளாம்! அது எந்த ஊரில் வளர்ந்த கம்ப்யூட்டரோ, ஒரு வார்த்தை உபசாரம் தெரியவில்லை.

தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். வெறும் திரையைப் பார்த்து, "என்னம்மா, ஒண்ணுமே இல்ல?" என்றார்.

"போயிருச்சுங்க சார்" என்றாள்.

அவர் நல்ல மனிதர். "நேரம் இருக்கு. திரும்ப அடிக்கிறியா?"

"வேண்டாங்க சார். உங்களுக்கெதுக்குங்க சிரமம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார். தேர்வு, ஒழுங்கு எல்லாம் மறந்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், இன்னொருக்காக் கேளுங்க சார்!"

மொத்த ஆய்வகமும் திரும்பிப் பார்த்தது. "என்னம்மா?" என்றார்.

"எங்கூர்ல மொதத் தடவ வேண்டாம்னுதானுங்க சார் சொல்லுவோம். ரெண்டாந் தடவ கேட்டாத்தானுங்க நெசத்தச் சொல்லுவோம்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார். "சரிம்மா. திரும்ப அடிக்கிறியா?"

"செரீங்க சார்."

அதற்குப் பிறகு அவள் விரல்கள் நிற்கவே இல்லை. கடைசியில் திரை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டபோது நான் என் கடிதத்தை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். Y-ஐ அழுத்தினாள். பிரிண்டர் கரகரவென்று இழுக்கத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. என் கடிதத்தில் நாலு பிழை. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

அவள் பாஸானாள். திருப்பூருக்கும் போனாள். முதல் மாதச் சம்பளம் வாங்கியபின் என்னைப் பார்க்க வந்தவள், வேலை கிடைத்த கதையைச் சொன்னாள். முதலாளி சம்பளத்தைச் சொல்லி, "செரி தானே கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். பழக்கதோஷம், வாய் தானாக "இல்லீங்க" என்றுவிட்டதாம். வேலை போச்சு என்றே நினைத்தாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொகையைக் கூட்டிச் சொல்லி, மறுபடி கேட்டாராம்.

நானும் அப்போது கோவையில் ஒரு வேலையில் சேர்ந்திருந்தேன். சம்பளத்தைச் சொன்னவுடனே சரி என்று தலையாட்டியவள் நான். அவள் சொல்லச் சொல்ல வயிறு எரிந்தது, சிரிப்பும் வந்தது.