பத்துக் கோடு

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். தெருவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் அட்டை, முதியோர் பென்ஷன், பேங்க். காலியாக ஒரு கட்டம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன்.

மகளுக்கு மூன்றரை வயதானபோது ஆட்டிசம் என்றார்கள். மில்லர்புரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போனோம். பெற்றோருக்கு நான்கு பக்கப் படிவம். குழந்தை சொல்லும் வார்த்தைகளை எழுதச் சொல்லிப் பத்துக் கோடு போட்டிருந்தது. அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. தாகம் எடுத்தால் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போவாள். குடத்தின் மேல் அந்தக் கையை வைத்துவிட்டு நிற்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

பத்துக் கோடும் வெறுமையாகக் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. பரீட்சைத் தாள் போலிருந்தது. அம்மா, அப்பா, தண்ணி என்று வரிசையாகப் பத்தையும் எழுதினேன்.

மனைவி எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "தண்ணின்னு எப்பங்க சொன்னா?"

"அன்னிக்கு ஒரு நா சொன்னால்லா."

"அது இருமல்."

"ஒண்ணும் எழுதலன்னா சேக்க மாட்டாவ. பேசாம இரு."

மையத்து டீச்சர் படிவத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பத்து வார்த்தை இருக்கே. கையைப் பிடிச்சு இழுப்பான்னு அம்மா சொன்னாங்க. இழுத்தா வேலை நடக்குதுன்னு பேசாம இருக்கா. இனி கையை இழுத்தா உடனே குடுக்காதீங்க சார். வார்த்தை வரட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் மனைவியிடம், "பாத்தியா, உம் மவ பாஸ்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார்த்தைக்காகக் காத்திருந்தோம். மகள் இழுப்பாள். மனைவி அசையாமல் நின்று, "தண்ணி சொல்லு மக்கா" என்பாள். மகள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். கடைசியில் மனைவி கொடுத்துவிடுவாள். துறைமுகத்தில் லாரிச் சீட்டு எழுதிக்கொண்டே நான் போன் போட்டு, "குடுத்துட்டியா?" என்று ஏசுவேன்.

நான்காவது மாதம் மகள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். உதடு வெடித்துப்போய்க் குடத்தைக் கடந்து போனாள்.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. புதிய படிவம் எடுத்தார். "அம்மா சொல்லட்டும், நீங்க எழுதுங்க."

மனைவி சொன்னாள். பத்துக் கோட்டுக்கும் சேர்த்து 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த கேள்வி, வேண்டியதைக் குழந்தை எப்படிக் கேட்கும் என்பது.

"முந்தி கையப் பிடிச்சு இழுப்பா. இப்ப அதுவும் இல்ல" என்றாள் மனைவி. "அப்படியே எழுதுங்க. நல்லதா எழுதாதீங்க."

வேண்டியதைத் தொட்டுக் காட்டப் படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள். எட்டு மாதமாகிறது. தம்ளர் படத்தை அவளாகத் தொட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் குடத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என் கையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

மணிக்கொரு தரம் மனைவி தம்ளரை அவள் வாயில் வைக்கிறாள். மகள் குடிக்கிறாள். அவளுக்குத் தாகமாக இருந்ததா என்று எங்களுக்குத் தெரிவதில்லை.